புது வண்டியில் ஸ்போக்ஸ் கம்பி துருப்பிடித்தால்

வண்டி வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை துடைக்க உட்கார்ந்தால், பின்சக்கரத்துக் கம்பிகளில் மிளகாய்த்தூள் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் துரு. நான் இருப்பது திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். ‘கம்பியே இல்லாத அலாய் வீல் வாங்கு’ என்று வீட்டில் சொன்னதைக் கேட்காதவன், யாரைக் குறை சொல்வது?

உங்களுக்கும் இதே கதை என்றால் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். முதலில் போனை எடுத்து நாலு படம் பிடியுங்கள். தேய்த்த பிறகு சர்வீஸ் சென்டரில் காட்ட ஒன்றும் இருக்காது. துருவுக்கு வாரண்டி கிடையாது என்று பல கையேடுகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இருந்தாலும் கேட்பதற்குக் காசா பணமா?

சரி, கிடைக்கவில்லை. நாமே பார்ப்போம்.

என்ன கம்பி என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் குரோம். மங்கலான வெள்ளி நிறம் என்றால் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு, கடைக்காரர்கள் ஜிங்க் என்பார்கள். ஜிங்க் கம்பியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிபடுகிறது, அதன் வேலையே அதுதான். அதைச் சுரண்டினால் காவலை நீங்களே கலைத்துவிடுகிறீர்கள். சிவப்பு தெரிந்தால்தான் இரும்பு வரை போய்விட்டது என்று அர்த்தம்.

இப்போது வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சாவியைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, சக்கரம் சுற்றச் சுற்றத் துணியைப் பிடித்துத் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செயினிலோ கம்பிக்கு நடுவிலோ துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். டிஸ்க் இருந்தால் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள்.

செயின் எண்ணெய் தெறித்த பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த பனியன் வேஸ்ட்டால் எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் கம்பி வளைந்து நுழையும் இடம், ரிம் பக்கம் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் நிப்பிளின் கழுத்து, இந்த இரண்டிலும்தான் உப்பும் சேறும் ஒளிந்திருக்கும். நடுக்கம்பியைக் குறைவாகத் தேய்த்தாலும் இவற்றை விடாதீர்கள். கடற்கரைப் பகுதி போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவி அப்படியே காயவிட்டால் கழுவாமல் இருப்பதே மேல். கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

குரோம் கம்பிக்குச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளே போதும். உள்ளங்கை அளவு கிழித்து, தண்ணீரில் நனைத்து, கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் இழுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. கொஞ்ச நேரத்தில் விரலெல்லாம் சாம்பல் நிறக் குழம்பாகும், அதைத் துடைத்தால் உள்ளே பளிச்சென்று தெரியும். ஒரு கம்பிக்கு இரண்டு நிமிடம் வைத்தால், 36 கம்பிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிங்க் கம்பியில் சிவந்த இடத்தை மட்டும் டபிள்யூ.டி.40 என்ற துரு இளக்கும் ஸ்பிரேயைத் தொட்ட 0000 நம்பர் ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய இரும்பு நார்) மெதுவாக எடுத்து, அங்கே மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஜிங்க் பெயிண்ட் தொட்டு வையுங்கள். ஸ்பிரேயைச் சக்கரத்தில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துக்கொள்ளுங்கள். டயரிலும் பிரேக்கிலும் பட்டால் வேறு வம்பு. கறுப்புப் பெயிண்ட் கம்பி என்றால் பெயர்ந்த இடத்தில் டச்-அப் போதும்.

புளி, எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். துரு போகும்தான், கூடவே ஜிங்க் பூச்சும் போகும். பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் மிச்சம் இடுக்கில் தங்கினால் அடுத்த மழைக்கே மொத்தக் கம்பியும் பழுப்பாகும்.

துடைத்து முடித்ததும் நகத்தால் வருடிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேல்துரு மட்டும்தான். நகம் சிக்கினால், அதுவும் ஹப் வளைவிலோ மரைப் பக்கமோ சிக்கினால், அந்தக் கம்பியை மாற்றுவதே நல்லது. கம்பி பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். பிறகு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ஒன்று மட்டும் ‘டொக்’ என்றால் அது தளர்ந்திருக்கிறது. நீங்களே முறுக்கப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் ரிம் கோணும், கம்பி முனை உள்ளே நீண்டு டியூபைக் குத்தவும் கூடும். கோட்டம் எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு கார் வேக்ஸைத் துணியில் தொட்டு ஒவ்வொரு கம்பியிலும் இழுத்துவிடுங்கள். இன்ஜின் ஆயில் தடவும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, தூசியை ஒட்டிக்கொள்ளும், ஓடும்போது பிரேக்கில் தெறிக்கும். எனக்கு மாதம் ஒரு வேக்ஸ், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு. வாட்டர் வாஷ் முடிந்ததும் கவர் போட்டு மூடாமல் நாலு தெரு ஓட்டிவிட்டு வருகிறேன், நிப்பிளில் நின்ற தண்ணீர் தெறித்துப் போய்விடும்.

டியூப் டயர் வண்டி என்றால் இன்னொன்று. அடுத்த முறை பஞ்சர் ஒட்டும்போது பக்கத்தில் நின்று ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புத் தூள் கொட்டினால் தட்டிவிட்டு, டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரிம் டேப்பைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.