தாவரவியல் பூங்காவைப் பார்ப்பது எப்படி? பெயர்ப்பலகையில் தொடங்குங்கள்

புல்வெளியும் பூப்பாத்தியும் எந்தப் பூங்காவிலும் இருக்கும். தாவரவியல் பூங்காவுக்கென்று தனியாக இருப்பது பதிவேடு. அங்கே வளரும் செடி எந்த ஆண்டு வந்தது, எங்கிருந்து வந்தது, விதையாக வந்ததா கன்றாக வந்ததா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். 1545-இல் இத்தாலியின் பதுவாவில், மருத்துவ மாணவர்கள் மூலிகைகளைப் பிழையில்லாமல் அடையாளம் காணப் பழகுவதற்காகப் பல்கலைக்கழகம் அமைத்த தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. இன்றைய தாவரவியல் பூங்காக்களும் அந்த வழியில் வந்தவையே. பதிவேட்டின் ஒரு துணுக்குதான் செடியருகே பெயர்ப்பலகையாக நிற்கிறது. அதைப் படிக்காமல் சுற்றினால் கால்வலியும், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான படங்களும்தான் மிஞ்சும்.

போவதற்கு முன்

பெரிய தோட்டத்தை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். லண்டனின் கியூ தோட்டம் நூறு ஹெக்டேருக்கும் அதிகம். மூன்று மணி நேரம் இருந்தால் இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு கண்ணாடி மாளிகை (வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திச் செடி வளர்க்கும் கண்ணாடிக் கட்டடம்), ஒரு வெளிப்பகுதி. தோட்டத்தின் இணையதளத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். இப்போது பூத்திருப்பவை எவை? பராமரிப்புக்காக மூடியிருக்கும் பகுதிகள் எவை? கூடவே கண்ணாடி மாளிகை எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் வெளிவாசல் மூடுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே அதைப் பூட்டிவிடுவார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

எந்தப் பூவுக்கு எந்த நேரம் என்பதும் முக்கியம். தாமரை விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். ஆகவே தாமரைக் குளத்துக்கே முதலில் போங்கள். பகலில் பூக்கும் வெப்பமண்டல அல்லிகள் முற்பகலில்தான் விரியும், அவை காத்திருக்கும். தாம்பாளம் போன்ற பெரிய இலை கொண்ட விக்டோரியா அமேசோனிகா அந்தி சாயும்போது முதல்நாள் வெள்ளையாக மலரும், மறுநாள் மாலை இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். மாலை ஐந்துக்கே மூடும் தோட்டத்தில் அதன் முழு மலர்ச்சியைப் பார்ப்பது அரிது. மாலை நேரச் சிறப்பு அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அழுகிய இறைச்சி போல நாறும் ராட்சத மலர்க்கொத்து கொண்ட டைட்டன் ஏரம் பூத்தால் தோட்டமே அறிவிக்கும். அது பிற்பகலில் விரியத் தொடங்கும், நாற்றம் முதல் இரவில்தான் உச்சம், இரண்டு நாளுக்குள் சாய்ந்துவிடும். ‘வார இறுதியில் போகலாம்’ என்று தள்ளிப்போட்டால் சாய்ந்த மடலைத்தான் பார்ப்பீர்கள்.

கையில் பத்து மடங்கு உருப்பெருக்கும் சின்ன லென்ஸ் ஒன்று, பென்சில், குறிப்பேடு போதும். லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய பொருளை நோக்கிக் குனியுங்கள். லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வரும்போது தெளியும். கையை நீட்டி எட்டப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. உயர்ந்த மரங்களின் பூவைப் பார்க்க இருகண்நோக்கி (பைனாகுலர்) இருந்தால் நல்லது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குறுகலான பாதையில் திரும்பும்போது இலை கிழிவது முதுகில் தொங்கும் பையால்தான்.

பெயர்ப்பலகையைப் படிப்பது

பலகையில் வழக்கமாகக் குடும்பப் பெயர் இருக்கும், ‘ஏசியே’ என்று முடியும். அதையடுத்துப் பேரினமும் சிற்றினமும் சேர்ந்த இரட்டைப் பெயர். நடுவில் பெருக்கல் குறி இருந்தால் அது கலப்பினம். ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு பெயர் இருந்தால் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம், காட்டில் அப்படியே கிடைக்காது. பெயருக்குப் பின்னால் ‘எல்.’ என்று ஓர் எழுத்து மட்டும் நின்றால், பெயர் சூட்டியவர் இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ்.

பலரும் கவனிக்காமல் விடுவது மூலையில் இருக்கும் எண். பல தோட்டங்களில் அதன் முதல் பகுதி ஆண்டு, அடுத்தது வரிசை எண். 1987-0412 என்றால் 1987-இல் பதிவான 412-ஆவது வரவு. மரம் நட்ட ஆண்டு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆண்டு வந்தது ஒரு விதைப்பொட்டலமாகவும் இருந்திருக்கலாம். சில பலகைகளில் மூலத்தைக் காட்டும் எழுத்தும் உண்டு. டபிள்யூ என்றால் காட்டிலிருந்து நேரடியாக வந்தது, இசட் என்றால் அப்படி வந்ததிலிருந்து பெருக்கியது, ஜி என்றால் தோட்ட மூலம், யூ என்றால் மூலம் தெரியாது. அழிந்துவரும் இனமாக இருந்தால் முதலிரண்டுக்கும் மதிப்பு மிக அதிகம். என்செபலார்டோஸ் ஊடியை என்ற, பனைபோலத் தோன்றும் சைக்காட் வகையைப் பாருங்கள். 1895-இல் தென்னாப்பிரிக்காவில் கண்டெடுத்த ஒரே ஆண்செடியிலிருந்து பிரிந்த கன்றுகள்தான் உலகத் தோட்டங்களில் இருப்பவை எல்லாம். பெண்செடி இதுவரை கிடைக்கவில்லை. பலகையைப் படிக்காதவருக்கு அது இன்னொரு குட்டைப்பனை.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, பலகை யாருடையது என்ற குழப்பம். நெருக்கமான பாத்தியில் பலகை செடிக்கு முன்னால் இருக்கிறதா, இடப்பக்கமா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பாத்தியின் ஓரத்துக்குப் போய், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு செடியை வைத்து அந்தத் தோட்டத்தின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் செடி மண்ணுக்குள் அடங்கிவிட, பலகை மட்டும் நிற்கும். பக்கத்துச் செடி அங்கே படர்ந்திருக்கும். இன்னொன்று, பழைய பெயர்கள். 1998-இல் வெளியான புதிய வகைப்பாட்டுக்குப் பிறகு பல குடும்பங்கள் இணைந்தன, சில உடைந்தன. எருக்குக்கு முன்பு இருந்த அஸ்கிளிபியடேசியே இப்போது அரளியின் அப்போசைனேசியேவுக்குள் அடக்கம். பலகைகளை உடனே மாற்ற எந்தத் தோட்டத்திலும் ஆள்பலம் இருக்காது.

படமெடுக்கும்போது முதல் படம் பலகை. பிறகு முழுச்செடி, கிளையில் இலை அமைந்திருக்கும் விதம், இலையின் மேல்புறமும் கீழ்ப்புறமும், பூவின் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும். இந்த வரிசை மாறாமல் இருந்தால் பிற்பாடு எது எதனுடையது என்ற சந்தேகம் வராது. கைபேசிச் செயலியில் செடியைக் காட்டிப் பெயர் கேட்பதை இங்கே நம்ப வேண்டாம். அரிய இனங்களை அவை பெரும்பாலும் அவற்றின் பிரபலமான உறவினராகவே காட்டும்.

குடும்பவாரியாக நட்ட பாத்திகள் இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். சுவாரசியமில்லாத பகுதி என்று பலர் தாண்டிப் போய்விடுவார்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே குடும்பத்தை எடுங்கள். துளசிக் குடும்பம் என்றால் சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, இரண்டு உதடுகொண்ட பூ. ஐந்தாறு செடிகளில் சரிபார்த்துவிட்டு, தோட்டத்தின் மற்ற இடங்களில் அதே அடையாளங்களைத் தேடுங்கள்.

கண்ணாடி மாளிகைக்குள்

பாலைவனத் தாவரப் பகுதியை முதலில் முடித்துக்கொண்டு ஈரப்பகுதிக்குப் போங்கள். குளிர்ந்த கேமராவை ஈரக்காற்றுக்குள் கொண்டுபோனால் லென்ஸ் மீது நீர் படியும். துடைத்தாலும் கண்ணாடி சூடேறும்வரை மறுபடி படிந்துகொண்டே இருக்கும். வெளியிலேயே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே சென்று கால் மணி நேரம் கழித்து எடுங்கள். உள்ளே லென்ஸ் மாற்ற வேண்டாம். முக்காலிக்கு முன்அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கள்ளி போன்ற யூஃபோர்பியாக்களின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும். தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். மாடிப் பாதை இருந்தால் ஏறுங்கள், மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டுகளும் பெரணிகளும் அங்கிருந்துதான் தெரியும்.

விதை பொறுக்காதீர்கள், கீழே விழுந்ததையும்தான். தோட்டத்துக்கு இழப்பு என்பது ஒருபுறம். பக்கத்திலேயே உறவினச் செடிகள் இருப்பதால் மகரந்தம் கலந்திருக்கலாம், முளைப்பது பலகையில் கண்ட இனமாக இல்லாமல் போகலாம். மரத்தடியில் வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள். உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மண்ணின் மேலடுக்கிலேயே இருக்கின்றன, மிதித்து இறுகிய மண்ணில் அவற்றுக்குக் காற்று கிடைக்காது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதாக இருந்தால் செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். வேரழுகலை உண்டாக்கும் ஃபைட்டாஃப்தோரா என்ற நுண்ணுயிரி அப்படியும் பரவுகிறது.

அன்று இரவே படங்களுக்குச் செடியின் பெயரும் பதிவெண்ணும் இட்டுவிடுங்கள். பெயர் இப்போதும் செல்லுமா என்பதைக் கியூ நடத்தும் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய பெயரைத் தட்டினாலும் ஏற்கப்பட்ட பெயரைக் காட்டும். தோட்டத்துக்குக் கேள்வி எழுதினால் பதிவெண்ணையும் செடி நின்ற பகுதியையும் குறிப்பிடுங்கள். ஒரே இனத்தில் பல செடிகள் இருக்கலாம். எண் இல்லாவிட்டால் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று அவர்களால் சொல்ல முடியாது.