முழங்கால் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் முழங்காலைப் பரிசோதிப்பதைப் பார்த்தால், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள்தாம் கண்ணில் படுகின்றன. பேன்ட்டைச் சுருட்டிவிட்டுப் பார்ப்பது, அடிபடாத காலைத் தொடாமலே விடுவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இழுப்பதற்கு முன் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்

முன்புற டிராயர் சோதனையில் முழங்காலை 90 டிகிரி மடக்கி, கீழ்க்கால் எலும்பை முன்னே இழுக்கிறோம். தாராளமாக நகர்ந்தால் உடனே 'ஏசிஎல் கிழிவு' என்று எழுதிவிடுகிறார்கள் (ஏசிஎல் என்பது அந்த எலும்பு முன்னே நகராமல் பிடிக்கும் லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார்). எங்கிருந்து நகர்ந்தது என்று பார்ப்பதில்லை. எலும்பு பின்னே சரியாமல் பிடிக்கும் லிகமென்டான பிசிஎல் கிழிந்த காலில் அந்த எலும்பு ஏற்கெனவே பின்னால் சரிந்து கிடக்கும். அதை அதன் இயல்பான இடத்துக்குக் கொண்டுவருவதைத்தான் நம் கை 'தளர்வு' என்று உணர்கிறது.

பைக் விபத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நேராக அடிவாங்கிய இளைஞர் ஒருவர், வேறோர் இடத்தில் ஏசிஎல் என்று முடிவுசெய்யப்பட்டு என்னிடம் வந்தார். இரு கால்களையும் மடக்கி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு காலில் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேடு உள்வாங்கியிருந்தது. அதற்குள் பல வாரங்களாக அவருடைய தொடையின் பின்தசைகளுக்கு மும்முரமாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஏசிஎல் காயத்தில் அந்தத் தசைகள் துணை நிற்கும்; பிசிஎல் காயத்திலோ அவையே எலும்பைப் பின்னுக்கு இழுக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு அவர் ஒழுங்காகச் செய்த பயிற்சியே அவருக்குக் கேடாகியிருந்தது. குனிந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது என்பதால்தான் இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

மூட்டின் உட்பக்கத்தில் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். இயல்பான மூட்டில் கீழ்க்கால் எலும்பின் விளிம்பு, தொடை எலும்பின் குமிழைவிடச் சுமார் 1 செ.மீ. முன்னால் படிபோல் நிற்கும். மறு காலில் இருக்கும் அந்தப் படி இந்தக் காலில் இல்லையென்றால், முதலில் பிசிஎல்லைச் சந்தேகியுங்கள்.

இறுகிய தொடையில் லாக்மேன்

லாக்மேனும் ஏசிஎல்லுக்காகக் கீழ்க்கால் எலும்பை முன்னே இழுத்துப் பார்க்கும் சோதனைதான்; தொடை இறுகியிருந்தால் செல்லாது. 20 முதல் 30 டிகிரி மடக்கி, பின்தசை தளரும்வரை காத்திருங்கள்.

வால்கஸ் அழுத்தத்தை நேரான காலில் மட்டும் கொடுப்பது

கீழ்க்காலை வெளிப்பக்கமாகத் தள்ளும் இந்த அழுத்தத்தை 30 டிகிரி மடக்கியும் கொடுக்க வேண்டும். உட்பக்க லிகமென்ட் மட்டும் கிழிந்திருந்தால் தளர்வு அப்போதுதான் வெளிப்படும். நேரான நிலையிலும் மூட்டு திறந்துகொண்டால் ஏசிஎல், பிசிஎல் இரண்டையும் விடாமல் பாருங்கள்.

மெக்மர்ரே 'நெகட்டிவ்', ஆகவே மெனிஸ்கஸ் நலம்

இல்லை. மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்திருந்தாலும், முழங்காலை மடக்கித் திருகிப் பார்க்கும் இந்தச் சோதனை 'நெகட்டிவ்' ஆகலாம்.

சிறுவர்களின் முழங்கால் வலி

இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வளரும் வயதில் தொடை எலும்பின் தலை வளர்தட்டில் (எலும்பு நீளும் இடத்தில்) நழுவும்போது, வலி முழங்காலில் மட்டும் தெரியக்கூடும்.