ஜெனரேட்டர், மோட்டார், ஏசி: சத்த வரம்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரிகல், ஏசி கான்ட்ராக்ட் வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்களோடு சைட்டுக்குப் போகும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். போல்ட் தளர்ந்திருப்பது, பேரிங் தேய்ந்திருப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அதெல்லாம் மெக்கானிக் வந்து அரை நாளில் சரிசெய்துவிடுவார். வேலை முடிந்து, பணமும் கைமாறிய பிறகு நோட்டீஸாக வந்து நிற்கும் தவறுகளைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்தான் அடிப்படை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. அமைதி மண்டலத்துக்கு 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. எல்லாமே ஏ அளவுகோலில் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப, தாழ்ந்த உறுமல் ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் அளவுகோல்), நேரச் சராசரியாக எடுக்கும் எண்கள்.

ஸ்டிக்கரில் 75 இருந்தால் போதும் என்று நினைப்பது

இந்த ஒரு தவறை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு தனியார் பள்ளி. 125 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கி, வகுப்பறைக் கட்டடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் மூன்று மாடி வகுப்பறைகள், சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள். புகார் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சைட் சூப்பர்வைசர் தம்பி கேனோபியில் (ஜெனரேட்டரை மூடியிருக்கும், சத்தம் அடக்கும் பெட்டியில்) ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினார். "சார், இது சைலன்ட் செட். 75 டெசிபல்தான். சர்டிபிகேட் இருக்கு. சட்டப்படி நம்ம மேல தப்பே இல்ல." தாளாளரும் அந்தச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதையேதான் சொன்னார்.

அந்த 75 தயாரிப்பாளருக்கான வரம்பு. கேனோபியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் அதற்கு மேல் சத்தம் போகக் கூடாது என்று செட் ஆலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சோதிக்கிற எண் அது. செட்டை வாங்கி வைத்தவருக்கு உரிய வரம்பு வேறு. பக்கத்து வீட்டிலும் வகுப்பறை ஜன்னல் ஓரத்திலும் அந்தப் பகுதிக்கு என்ன அளவு என்று விதி சொல்கிறதோ, அதுதான் அவரைக் கட்டுப்படுத்தும். மெஷின் தேர்வு எழுதிப் பாஸானது உண்மை. ஆனால் நாம் அதை வைத்த இடம் இன்னும் தேர்வே எழுதவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 75 என்றால் 2 மீட்டரில் 69, 4-ல் 63, 8-ல் 57, 16-ல் 51, 32 மீட்டரில்தான் 45. இரவு வரம்பைத் தொட 32 மீட்டர் இடைவெளி வேண்டும். சென்னையில் எந்த அபார்ட்மெண்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? இதுவும் புத்தகக் கணக்குதான். கேனோபி ஒரு பெரிய பெட்டி என்பதால் பக்கத்தில் சத்தம் இதைவிட மெதுவாகத்தான் குறையும். இரண்டு சுவர்களுக்கு நடுவே வைத்தால் எதிரொலி சேர்ந்துகொள்ளும். ஒரே மாதிரி இரண்டு செட் சேர்ந்து ஓடினால் இன்னும் 3 டெசிபல் கூடும்.

அந்தப் பள்ளியில் அடுத்து நடந்ததுதான் கொடுமை. யாரோ சொன்னார்கள் என்று செட்டைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். ரேடியேட்டர் தள்ளும் சூடான காற்று போக வழியில்லாமல் திரும்பி கேனோபிக்குள்ளேயே வந்தது. இன்ஜின் சூடேறி அடிக்கடி டிரிப் ஆனது. ஆபரேட்டர் என்ன செய்வார்? கேனோபிக் கதவுகளைத் திறந்துவைத்து ஓட்டினார். கதவு திறந்த நொடியே 75 என்ற பேச்சு முடிந்துபோயிற்று. சத்தத்தை அடக்கக் கட்டிய சுவரால் சத்தம் கூடியது. முதல் மாடி, இரண்டாம் மாடிப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவரால் துளியும் பயனில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் செட்டின் மேல்பகுதி நேராகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற மெஷினின் சத்தம் காதுக்கும் தடையில்லாமல் வந்து சேரும்.

கடைசியில் சுவரை இடித்தார்கள். விளையாட்டு மைதானத்தின் மூலையில் புது ஃபவுண்டேஷன், புது எர்த் பிட், நீளமான கேபிள், கிரேன் வாடகை. கேபிள் நீளமானதால் வோல்டேஜ் டிராப்புக்காகப் பெரிய சைஸ் கேபிள் போட வேண்டியதாயிற்று. ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை டேப் பிடித்து அளந்திருந்தால் இந்தச் செலவு எதுவுமே இல்லை.

புகைக்குழாயையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். செட் இருக்கும் கட்டடத்தின் உயரத்துக்கு மேல், கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவுக்குக் குழாய் உயர வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம். 125 கேவிஏவுக்கு சுமார் 2.2 மீட்டர். இது புகைக்காகச் சொன்னது. ஆனால் குழாயின் வாய் பக்கத்து வீட்டு மூன்றாம் மாடிப் படுக்கையறையைப் பார்த்தபடி இருந்தால், கீழே கேனோபி எவ்வளவு நன்றாக இருந்தாலும் புகார் வரும்.

10 டெசிபல் சலுகை

வரம்பைவிட 10 டெசிபல் வரை சலுகை உண்டு என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒன்று இல்லை. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் பொதுமக்கள் புகார் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது. 9 வரை தாண்டலாம் என்று எங்குமே சொல்லவில்லை.

பள்ளி என்றாலே அமைதி மண்டலம் என்று எடுத்துக்கொள்வது

பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். 2017-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவித்தால்தான் ஓர் இடம் அந்த வகைக்குள் வரும். ஆகவே உங்கள் பள்ளி அறிவிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

அறிவிப்பு இல்லையென்றால் அப்பாடா என்று விட்டுவிடவும் கூடாது. வகுப்பறைக்குள் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திறந்திருக்கும் ஜன்னல் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும். வெளியே 60 என்றால் உள்ளே 45-லிருந்து 50 வரை. பாடம் தெளிவாக விளங்க ஆசிரியரின் குரல் பின்னணியைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும். மின்விசிறிச் சத்தத்தோடு ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்தால் டீச்சர் நாள் முழுக்கக் கத்த வேண்டியதுதான். அப்படியும் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்குப் பாதி வார்த்தை போய்ச் சேராது. காது சற்று மந்தமான பிள்ளை அதையும் இழந்துவிடும். நோட்டீஸ் வருமா வராதா என்ற கேள்வியைவிட இது எனக்குப் பெரியது.

முட்டை அட்டை ஃபோம்

மோட்டார் ரூம் சுவரில் அதை ஒட்டினால் அறைக்குள் எதிரொலி குறையும். சத்தம் வெளியே போவதை அது தடுக்காது.

மோட்டாரைத் தளத்தோடு இறுக்குவது

அபார்ட்மெண்டில் பிரஷர் பம்பை மொட்டை மாடிக் கான்கிரீட்டில் நேராக போல்ட் போட்டு, குழாயைப் படுக்கையறைச் சுவரில் கிளாம்ப் அடித்து நிறுத்துவார்கள். கீழ் வீட்டில் இரவெல்லாம் உறுமல். உடனே பம்புக்கு மேல் ஒரு பெட்டி செய்து மூடுவார்கள், மாற்றமே இருக்காது. அந்தச் சத்தம் காற்று வழியாகப் போகவில்லை; கான்கிரீட் வழியாகவும் குழாய் வழியாகவும் இறங்குகிறது. பம்புக்கு அடியில் எடைக்குத் தகுந்த ரப்பர் மவுண்ட், குழாய் இணைப்பில் ரப்பர் பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் இணைப்புத் துண்டு), கிளாம்புக்குள் ரப்பர் பட்டை, இவை மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஒன்றை விட்டாலும் அதிர்வு அந்த வழியாக இறங்கிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடும் பம்பின் அடிப்படை அதிர்வு 48 ஹெர்ட்ஸ். ஏ அளவுகோல் அந்த இடத்தில் ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டரில் எண் வரம்புக்குள் இருக்கும்; படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராது. அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டரைத் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சி அளவுகோலுக்கு மாற்றி இன்னொரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் தாழ்ந்த உறுமல்தான் காரணம்.

ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாவற்றையும் ஓடிஎஸ்ஸில் தள்ளுவது

முகப்பு அழகு கெடக் கூடாது என்று எல்லா யூனிட்டையும் கட்டடத்தின் நடுவில் உள்ள ஓடிஎஸ்ஸில் (ஓபன் டு ஸ்கை, மேலே வானம் பார்க்கத் திறந்திருக்கும் இடம்) மாட்டுகிறார்கள். நான்கு பக்கமும் சுவர். சூடும் போகாது, சத்தமும் போகாது. நான்கு யூனிட் சேர்ந்து ஓடினால் ஒன்று ஓடுவதைவிட 6 டெசிபல் கூடுதல், எதிரொலி அதற்கு மேல். அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இரவு 45-ஐத் தாண்டிவிடும். வெயில் காலத்தில் கம்ப்ரசர் சூட்டில் திணறுவதால் சத்தம் இன்னும் ஏறும். மொட்டை மாடியில் வைக்க இடமிருந்தால் காப்பர் பைப் செலவைப் பார்க்காமல் அங்கே கொண்டுபோங்கள்.

செல்போன் ஆப்பைக் காட்டி வாதாடுவது

வேண்டாம். காலிபிரேட் செய்த (அளவு சரிபார்த்த) சத்தம் அளக்கும் மீட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது.

நாள் முழுக்கச் சராசரி எடுப்பது

ஒரு மணி நேரம் ஓடிய ஜெனரேட்டரை 16 மணி நேரப் பகலுக்குப் பரப்பிக் காட்டினால் 12 டெசிபல் காணாமல் போகும். மெஷின் ஓடும் நேரத்தில் அளந்த எண்ணைத் தனியாக வையுங்கள்.

மெஷின் வருவதற்கு முன்பு அளக்காமல் விடுவது

மெயின் ரோட்டுப் பக்கம் பல தெருக்களில் ஒன்றுமே ஓடாதபோதும் 55-க்கு மேல் இருக்கும். அது நமக்குத் தெரியாவிட்டால் பஸ் சத்தமும் நம் கணக்கில் ஏறும். மெஷினை நிறுத்தி ஒரு தடவை, ஓட்டி ஒரு தடவை, அதே இடத்தில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 10 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் அது முழுக்க மெஷின் சத்தம். வித்தியாசம் 3 என்றால் மெஷினும் பின்னணியும் சமம். மூன்றுக்குக் கீழே போனால் அந்த அளவீட்டை வைத்து எதுவும் பேச முடியாது. இரவு தெரு அடங்கிய பிறகு திரும்பப் போய் அளங்கள். தேதி, நேரம், மீட்டர் வைத்த இடம், அப்போது எந்த மெஷின் எவ்வளவு லோடில் ஓடியது, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஃபவுண்டேஷன் தோண்டுவதற்கு முன்பே உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.