அவுட்போர்டு மோட்டாரில் ஸ்பார்க் வரவில்லையா? சி.டி.ஐ. வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், கரையில் யாராவது ஒருவர் "சி.டி.ஐ. போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, சரியான நேரத்தில் விடும் மின்னணுப் பாகம் அது. மோட்டாரின் மின் பாகங்களில் விலை கூடியவற்றில் அதுவும் ஒன்று. மாட்டிப் பார்த்த பிறகு கடையில் பெரும்பாலும் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். ஆனால் பல நேரம் பழுது பிளக்கிலோ, ஸ்டாப் சுவிட்சிலோ, உப்பேறிய எர்த் ஒயரிலோதான் இருக்கும். அதனால் செலவில்லாத சோதனையில் தொடங்கி, படிப்படியாக உள்ளே போவோம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது குமரிக் கரை வள்ளங்களில் நிறையப் பார்க்கக்கூடிய வகை: 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டார். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் இந்த வகையில் ஸ்பார்க்குக்கு பேட்டரி தேவையில்லை. ஃப்ளைவீலில் உள்ள காந்தம் சுற்றும்போது சார்ஜ் காயிலில் மின்சாரம் உண்டாகிறது. அதை சி.டி.ஐ. சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் சரியான நேரத்தில் சைகை கொடுத்ததும், சி.டி.ஐ. அதை ஹெச்.டி. காயிலுக்குள் விடுகிறது. அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து பிளக்குக்கு வருகிறது. இந்த வரிசை மனதில் இருந்தால் போதும்.

தேவையானவை

பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (பிளக் முனையின் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், புதிய பிளக் இரண்டு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் மிகவும் நல்லது.

முதலில் பாதுகாப்பு

இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தால், சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகப் புகையாக வெளியே அடிக்கும். பக்கத்திலேயே ஸ்பார்க் பறந்தால் தீப்பிடிக்கும். எனவே எரிபொருள் குழாயைக் கழற்றிவிடுங்கள். ஸ்பார்க் பார்க்கும் முன் கயிற்றைச் சில முறை இழுத்து, உள்ளே இருப்பதை வெளியேற்றி, காற்றாட விடுங்கள். அப்படி இழுக்கும்போது ஸ்டாப் சுவிட்சின் கிளிப்பை (ஓட்டுபவரோடு கயிற்றால் இணைக்கும் சிறு துண்டு) கழற்றி வைத்திருந்தால் ஸ்பார்க் வராது. டெஸ்டரை பிளக் ஓட்டையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். இழுக்கும்போது பிளக் ஒயரைக் கையில் பிடிக்கவே கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

படி 1: பிளக்கைப் பாருங்கள்

இரண்டு பிளக்கையும் கழற்றி, எது மேல் சிலிண்டர், எது கீழ் சிலிண்டர் என்று குறித்து வையுங்கள். நனைந்து, கறுத்து, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். பீங்கானில் படிந்த கரி மின்சாரத்தைக் கடத்தும். முனையில் தாவ வேண்டிய ஸ்பார்க் அந்தக் கரி வழியாகவே எர்த்துக்குப் போய்விடும்.

மண்ணெண்ணெய் ஓடும் மோட்டாரில் இது அடிக்கடி வரும். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. கரைக்கு வரும்போது கடைசியில் கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்தவில்லை என்றால், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய்தான் நிற்கும். மறுநாள் இழுக்க இழுக்க பிளக் நனையும். இது இக்னிஷன் பழுது மாதிரியே தெரியும், ஆனால் அது இல்லை.

கறுத்த பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவதைவிட, சோதனைக்காகவாவது புதியதை மாட்டுங்கள். பிளக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சரிபாருங்கள். என்.ஜி.கே. பிளக்கில் கடைசியில் "-10" என்று இருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீட்டர். அது இல்லாத பி7ஹெச்எஸ் போன்றவற்றில் அதைவிடக் குறைவு. நடுவில் இருக்கும் எண் வெப்ப அளவு. எண் கூடினால் பிளக் சீக்கிரம் வெப்பத்தை வெளியேற்றும். மேனுவலில் சொன்னதைத் தவிர வேறு எண்ணைப் போட்டால், ஒன்று கரி பிடிக்கும், இல்லையென்றால் முனை கருகும்.

படி 2: ஸ்பார்க் ஒன்றிலா, இரண்டிலுமா?

மொத்த வேலையிலும் முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டெஸ்டரை பிளக் கேப்பில் மாட்டி, அதன் கிளிப்பை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் கடிக்க விடுங்கள். ஸ்டாப் சுவிட்சின் கிளிப்பைத் திரும்ப மாட்டி, கயிற்றை வேகமாக இழுங்கள். நிழலில் பார்ப்பது நல்லது. வெயிலில் நல்ல ஸ்பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. நீலமாக, சத்தத்தோடு தாவினால் நலம். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் பலவீனம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சில மாடல்களில் சிலிண்டருக்கு ஒரு ஹெச்.டி. காயில் இருக்கும். சிலவற்றில் ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக் ஒயரும் கிளம்பும். மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். ஒரே காயில் என்றால், பெரும்பாலும் மின்சாரம் ஒரு பிளக் வழியாகப் போய் மற்றதன் வழியாகத்தான் திரும்புகிறது. ஒரு ஒயரைச் சோதிக்கும்போது மற்றது அந்தரத்தில் தொங்கினால் இரண்டிலுமே ஸ்பார்க் வராமல் போகலாம். ஆகவே மற்ற கேப்பில் ஒரு பிளக்கைச் செருகி, அதன் உடம்பை பிளாக்கோடு சேர்த்து எர்த் செய்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். எந்த வகையாக இருந்தாலும் இப்படிச் செய்வதே நல்லது. போக வழியில்லாத உயர் வோல்ட்டேஜ் காயிலையும் சி.டி.ஐ.யையும் கெடுக்கும்.

தனித்தனி காயில் உள்ள மோட்டாரில் ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால், இரண்டு காயில்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்தான். அதே சிலிண்டரிலேயே நின்றால் அதற்கு முன்னால், பல்சரிலோ சி.டி.ஐ.யிலோ தேட வேண்டும்.

படி 3: இரண்டிலும் இல்லை என்றால் ஸ்டாப் சுவிட்ச்

இந்த மோட்டார்களில் ஸ்டாப் பட்டன் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. சி.டி.ஐ.யிலிருந்து வரும் ஒரு ஒயரை எர்த்தோடு சேர்க்கிறது. சேர்ந்தவுடன் ஸ்பார்க் நிற்கும். அப்படியென்றால் அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து பிளாக்கைத் தொட்டாலும், சுவிட்சுக்குள் உப்புநீர் இறங்கினாலும், கிளிப் சரியாக உட்காராமல் இருந்தாலும், பட்டனை அழுத்திப் பிடித்திருப்பதற்குச் சமம்.

முதலில் கிளிப்பைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். பிறகு சுவிட்சிலிருந்து வரும் ஒயர்களை அவற்றின் கனெக்டரில் கழற்றுங்கள். யமஹாவில் பெரும்பாலும் வெள்ளை ஸ்டாப், கறுப்பு எர்த். கழற்றிய நிலையில் மறுபடி ஸ்பார்க் பாருங்கள். வந்துவிட்டால் பழுது சுவிட்சிலோ அதன் ஒயரிலோதான். மல்டிமீட்டரிலும் உறுதி செய்யலாம்: கிளிப் மாட்டியிருக்கும்போது இரண்டு ஒயருக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பட்டனை அழுத்தினாலோ கிளிப்பை எடுத்தாலோ தொடர்பு வர வேண்டும்.

ஸ்டாப் ஒயரைக் கழற்றிய நிலையிலேயே கடலுக்குப் போகாதீர்கள். ஓட்டுபவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது அந்தக் கிளிப்தான்.

படி 4: எர்த்தும் கனெக்டரும்

கறுப்பு எர்த் ஒயர்கள் போல்ட்டில் சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஒயர், ரப்பர் உறைக்குள் பொடிந்து ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக் கேப்பின் உள்ளேயும் அப்படித்தான். திருகிக் கழற்றும் கேப் என்றால் கழற்றி, ஒயரின் முனையைக் கொஞ்சம் வெட்டித் திரும்பத் திருகினாலே பல மோட்டார்கள் உயிர் பெறும்.

படி 5: காயில்களை அளத்தல்

ஹெச்.டி. காயிலின் முதல் சுற்றில் பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. இரண்டாம் சுற்றில் சில ஆயிரம் ஓம். கேப்பைக் கழற்றிவிட்டு அளங்கள். பல கேப்களுக்குள்ளேயே சுமார் 5,000 ஓம் இருக்கும். சார்ஜ் காயிலும் பல்சரும் பல மாடல்களில் சில நூறு ஓம் காட்டும். சரியான எண் மேனுவலில் இருக்கும். அந்த எண்கள் வழக்கமாக 20 டிகிரி வெப்பத்துக்கானவை. 35 டிகிரி வெயிலில் அளந்தால் செம்புக் கம்பி சுமார் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதற்காகக் காயிலைத் தூக்கிப் போட வேண்டாம். மீட்டர் முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் நின்று, அரை மணி கழித்துத் திரும்பப் பிடிக்கிறதா? நின்ற உடனே, சூட்டோடு அளங்கள். ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே காட்டும்.

படி 6: கடைசியில் சி.டி.ஐ.

சாதாரண மீட்டரால் சி.டி.ஐ.யை நேரடியாக நம்பிச் சோதிக்க முடியாது. அதற்கு பீக் வோல்ட்டேஜ் அளக்கும் கருவி வேண்டும், அது மெக்கானிக்கிடம் இருக்கும். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பார்க் இல்லை என்றால்தான் சந்தேகம் சி.டி.ஐ. மேல் போக வேண்டும். முடிந்தால் அதே மாடலின் நல்ல சி.டி.ஐ.யை ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்பார்க் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை

நீல ஸ்பார்க், புதிய பிளக், பெட்ரோலும் வருகிறது. ஆனால் கயிறு கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கிறது, கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்றால், ஃப்ளைவீலின் அடியில் உள்ள சாவி வெட்டுப்பட்டிருக்கலாம். அரை வட்ட வடிவத்தில் ஒரு சிறு உலோகத் துண்டு அது. அது நகர்ந்தால் காந்தமும் நகரும். ஸ்பார்க் தப்பான நேரத்தில் வரும். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் பெயர்ந்துவிடும். புல்லர் இல்லையென்றால் இதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் நீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே பொசுங்கிவிடும். ஓடும்போது பட்டனை அழுத்தியும், மறுபடி ஸ்டார்ட் செய்து கிளிப்பை இழுத்தும், இரண்டு முறையும் மோட்டார் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே மூடியைப் பூட்டுங்கள்.