திறந்த அமைப்புள்ள வீட்டில் நுழைவிடத்தை உருவாக்கி அலங்கரிப்பது எப்படி?

கதவைத் திறந்த உடனே கூடம், சாப்பாட்டு மேசை, சமையல் மேடை என அனைத்தும் ஒரே பார்வையில் தெரியும்படி கட்டப்படும் வீடுகளில், நுழைவிடம் என்று தனியாக ஓர் இடம் பெரும்பாலும் இருப்பதில்லை. தடுக்கச் சுவர் இல்லாததால் செருப்பும் பையும் சாவியும் குடையும் சோபா வரை பரவிவிடுகின்றன. அந்தக் குழப்பத்துக்கு மேலே ஒரு படத்தை மாட்டிவிட்டால் அது அலங்காரம் ஆகிவிடாது. இத்தகைய வீட்டில் முதலில் இடத்தை உருவாக்க வேண்டும். மற்றொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்: தனி அறையாக அமைந்த நுழைவிடத்தை, உள்ளே வருபவர் சில நொடிகள் மட்டுமே பார்க்கிறார், திறந்த வீட்டிலோ சோபாவில் அமர்ந்திருப்பவர் மாலை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆகவே ஒவ்வொரு பொருளையும் வாசலில் நின்று ஒரு முறையும், சோபாவில் அமர்ந்து ஒரு முறையும் பார்த்த பின்னரே அதற்கான இடத்தை உறுதி செய்யுங்கள்.

அளவெடுப்பதில் தொடங்குவோம். கதவு முழுவதும் திறக்கும்போது அதன் விளிம்பு செல்லும் வளைவை மாஸ்கிங் டேப்பால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வளைவுக்குள் எந்தப் பொருளும் நிற்கக் கூடாது. அடுத்து, வாசலிலிருந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் வீட்டார் இயல்பாக நடக்கும் பாதைக்குக் குறைந்தது 3 அடி அகலமும், இருவர் எதிரெதிராகக் கடக்கும் இடமானால் 4 அடி அகலமும் விடுங்கள். எஞ்சுவதுதான் உங்கள் நுழைவிடம். அது சிறியதாகத் தோன்றினாலும் கவலை வேண்டாம். 10 முதல் 14 அங்குலம் ஆழமுள்ள ஒரு குறுகிய மேசையும், செருப்பு கழற்ற நிற்கும் இடமும் கிடைத்துவிட்டால் தேவையானது கிடைத்துவிட்டது. மேசையை வாங்குவதற்கு முன், அதே அளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்து இரண்டு மூன்று நாள் நடமாடிப் பார்ப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். காகிதத்தில் சரியாக இருக்கும் அளவு, கை நிறையப் பைகளோடு வரும்போது இடிப்பது அப்போதுதான் தெரியும்.

சுவர் இல்லாத இடத்தில் எல்லையை முதலில் தரைதான் சொல்ல வேண்டும். வெளியே சொரசொரப்பான கால்மிதி மண்ணைச் சுரண்டி எடுக்கட்டும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் நீளமான விரிப்பு ஒன்று இருக்கட்டும். இரு கால்களும் அதன்மேல் பதியும் அளவுக்கு, ஏறக்குறைய 5 அடி நீளம் இருந்தால்தான் தூசி கூடத்துக்குள் போகாது. கதவின் அடிப்பகுதி உரசாத அளவுக்கு மெல்லியதாகவும், அடியில் வழுக்காத உறை கொண்டதாகவும் தேர்ந்தெடுங்கள். கூடத்தின் விரிப்பும் இதுவும் ஒரே மாதிரி இருந்தால் எல்லை மறைந்துவிடும், முற்றிலும் வேறாக இருந்தால் வீடு துண்டுபட்டதாகத் தோன்றும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிறம் இருப்பதே சரியான வழி.

தரைக்கு அடுத்தது உயரம்; இந்த அலங்காரத்தில் அதிக சிந்தனை தேவைப்படுவதும் இதற்குத்தான். கூரை வரை எழும் முழுத் தடுப்பு வெளிச்சத்தையும் காற்றையும் நிறுத்திவிடும் என்பதால், திறந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்ததன் பயனே போய்விடும். சோபாவில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் பொதுவாக 4 அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எனவே 4 முதல் 4½ அடி உயரமுள்ள அலமாரி ஒன்றைத் தடுப்பாக வைத்தால், அமர்ந்திருப்பவருக்குச் செருப்பும் பையும் தெரியாது; நின்றுகொண்டிருப்பவருக்கோ வீடு முழுவதும் திறந்தே இருக்கும். பின்புறம் திறந்த அலமாரியானால் கீழ்த் தட்டுகளை மட்டும் கூடைகளால் மூடிவிடலாம். பின்பலகை உள்ளதானால், சுவரை ஒட்டி நிற்பதற்காகச் செய்யப்பட்ட அதன் மெருகில்லாத முதுகு இங்கே கூடத்தை நோக்கி நிற்கும். அதற்கும் வர்ணம் பூசுங்கள். எந்த அலமாரியானாலும் தரையோடோ பக்கச் சுவரோடோ இரும்புக் கோணங்களால் இறுக்கிப் பொருத்துவது கட்டாயம். குழந்தைகள் ஏறினால், தனியாக நிற்கும் அலமாரி கவிழ்ந்துவிடும்.

இன்னும் நேர்த்தியான வழி, செங்குத்தான மரச்சட்டங்களால் ஆன தடுப்பு. நேரே நின்று பார்த்தால் சட்டங்களுக்கு இடையே வெளிச்சமும் அப்பாலுள்ள அறையும் தெரியும். பக்கவாட்டில் நகர நகர ஒவ்வொரு சட்டமும் அடுத்த இடைவெளியை மறைத்துக்கொண்டே வரும். சட்டத்தின் ஆழமும் இரு சட்டங்களுக்கு இடையிலான வெளியும் சமமாக இருந்தால், 45 பாகைக் கோணத்திலிருந்து பார்ப்பவருக்கு அது முழுச் சுவராகவே தோன்றும். சோபாவிலிருந்து வாசலைப் பார்க்கும் கோணம் எவ்வளவு என்று அளந்து, அந்தக் கோணத்தில் மூடிக்கொள்ளும்படி இடைவெளியைத் தச்சரிடம் சொல்லுங்கள். 2 அங்குல ஆழமுள்ள சட்டத்துக்கு 2 அங்குல இடைவெளி என்பது நல்ல தொடக்கம். கோணம் இன்னும் நேராக இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

தடுப்பு வைக்கவே இடமில்லாவிட்டால், சோபாவின் முதுகை வாசல் பக்கம் திருப்பி, அதன் பின்னே அதே உயரமுள்ள குறுகிய மேசையை ஒட்டிப் போடுவதும் எல்லையாக அமையும்.

நுழைவிடத்துக்குத் தனி விளக்கும், கதவருகே கை எட்டும் இடத்தில் தனி சுவிட்சும் அவசியம். கூடத்தில் எரியும் பல்புகளின் நிறமே இங்கும் இருக்கட்டும். 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையிலான மஞ்சள் ஒளி, அமர்ந்து பேசும் இடங்களுக்குப் பொருந்தும். தொங்கு விளக்கானால் அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. கதவின் மேல் விளிம்பு அதில் மோதாமலும் இருக்க வேண்டும். சோபாவில் சாய்ந்திருப்பவரின் கண்ணில் பல்பு நேரடியாகக் கூசாதபடி அதன் மூடி ஆழமாக இருப்பது நல்லது.

கண்ணாடியை மாட்டுவதற்கு முன், அதில் என்ன தெரியப்போகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சிக்கு எதிரே மாட்டினால் அசையும் ஒளி கண்ணை உறுத்தும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு எதிரே மாட்டினால் அங்குள்ள குவியல் இரட்டிப்பாகும். கதவுக்குப் பக்கச் சுவரில், நடுப்பகுதி ஏறக்குறைய 5 அடி உயரத்தில் இருக்கும்படி பொருத்துவது பெரும்பாலும் நன்றாக அமையும்.

செருப்புகளுக்கு மூடிய அலமாரிதான் சரி, ஆனால் அதன் கதவில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். சாய்ந்து திறக்கும் வகை 7 அல்லது 8 அங்குல ஆழத்திலேயே கிடைக்கிறது. ஈரமான செருப்புக்குத் தனித் தட்டு வையுங்கள். அமர்ந்து கழற்ற 18 அங்குல உயரப் பலகை போதும். பைகளைத் தொங்கவிடும் மாட்டிகளைக் குறைவாகவே வையுங்கள். எத்தனை மாட்டி வைத்தாலும் அத்தனையும் நிறைந்துவிடும். சுவரில் கூடத்தின் நிறத்தையே ஒரு படி அடர்த்தியாகப் பூசி, ஒரே ஒரு பெரிய படத்தை மாட்டினால், சிறு படங்கள் பலவற்றைவிட அது அமைதியாக இருக்கும்.

எல்லாம் இடத்துக்கு வந்த பின், சுவரில் துளையிடுவதற்கு முன்பாக, இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இரு கைகளிலும் பைகளோடு வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். சுவிட்ச் தட்டுப்படுகிறதா, பையை வைக்க இடம் இருக்கிறதா, மற்றவர் செருப்பை மிதிக்காமல் உங்கள் செருப்பைக் கழற்ற முடிகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் மேசையையோ பலகையையோ நகர்த்தி மறுபடி நடந்து பாருங்கள். கண்ணாடிக்கும் மாட்டிகளுக்கும் உரிய இடத்தை அதன் பிறகு குறித்துக்கொள்ளலாம்.