சோப்பு மெழுகு போல உருகாது: சூடாக்கிப் பார்க்க ஒரு எளிய வழி

ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதே அமிலத்தின் சோடியம் உப்பு ஒரு வகைச் சோப்பு. ஆனால் ஈரமே இல்லாத அந்த சோப்பு முழுத் திரவமாவதற்கு ஏறக்குறைய 280 டிகிரியைத் தாண்ட வேண்டும். நடுவில் மெழுகு போல, களி போல என்று பல நிலைகளைக் கடந்துதான் அங்கே போகும்.

காரணம் மூலக்கூறில் இருக்கிறது. நீண்ட கார்பன் வால் சூட்டில் முதலில் தளர்ந்துவிடும். மின்னூட்டம் உள்ள தலையோ பக்கத்துத் தலைகளையும் சோடியம் அயனிகளையும் எளிதில் விடாது. வால் ஆடுகிறது, தலை வரிசை கலையவில்லை. இந்த அரைகுறை நிலைக்குப் பெயர் திரவப் படிகம்.

உலர்ந்த சோப்பை வீட்டில் காய்ச்சாதீர்கள், கருகிப் புகையும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தாலே இந்தத் திரவப் படிக நிலை 90 டிகிரிக்குள் வந்துவிடும்.

1. சரியான சோப்பு. டிடர்ஜென்ட் கட்டி வேண்டாம். வெண்மை தரும் டைட்டானியம் டைஆக்சைடு இல்லாத சோப்புச் சீவல் வாங்குங்கள். அது இருந்தால் கரைசல் கடைசிவரை கலங்கலாகவே நிற்கும். தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். கால்சியம் கலந்த கடின நீரில் கால்சியம் சோப்பு திரிந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

2. நீர்த்த கரைசல். 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் சோப்பு போட்டு, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து மெல்லக் கிளறுங்கள். ஒரு கட்டத்தில் கலங்கல் சட்டெனத் தெளியும். லேசான மங்கல் மிஞ்சினால் பரவாயில்லை. அந்தச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிராஃப்ட் வெப்பநிலை என்பது ஏறக்குறைய இதுதான். இதற்கு மேல்தான் மூலக்கூறுகள் மிசெல் எனும் சிறு உருண்டைகளாகச் சேர்ந்து கரையும். ஆலிவ் எண்ணெய் சோப்பு இன்னும் குறைந்த சூட்டிலேயே தெளியும்; அதில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலத்தின் வால் நடுவில் வளைந்திருப்பதால் நெருக்கமாக அடுக்க வராது.

3. கெட்டிக் கலவை. எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு குப்பியில் 15 கிராம் சீவலும் 4 கிராம் தண்ணீரும், இன்னொன்றில் 10 கிராம் சீவலும் 10 கிராம் தண்ணீரும் எடுத்து, தளர்வாக மூடி, இரண்டையும் 85 டிகிரி வெந்நீரில் வையுங்கள். அவ்வப்போது கிளறி, ஒரே சீராகக் கலக்கும்வரை பொறுங்கள். தண்ணீர் அதிகமுள்ளதுதான் இளகலாக இருக்கும் என்று தோன்றும், இல்லையா? நடப்பது நேர்மாறு. முதல் குப்பியில் மூலக்கூறுகள் தட்டையான அடுக்குகளாக அமைவதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் குழைவாக நகரும். இரண்டாவதில் நீண்ட உருளைகள் அறுகோணமாக நெருங்கி நிற்பதால் கரண்டியே திணறும்.

4. ஒளியில் சோதனை. மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்கி, போலராய்டு குளிர்கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் திரை இருளும் கோணத்தைப் பிடியுங்கள். இப்போது சூடான கலவையை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய படலமாக்கி, திரைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், அதுவே ஒளிரும். திரவப் படிகமாக இருப்பதால் கெட்டிக் கலவைகள் இரண்டும் இருளில் பளிச்சிடும். தெளிந்த 1 சதவீதக் கரைசல் இருட்டாகவே நிற்கும். ஆறவிட்டால் அதிலும் நார் போன்ற படிகங்கள் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கும்.