பெயின்ட் பூத்தில் காற்றையும் வெப்பத்தையும் சீர்செய்த விதம்

உதகையில் நாங்கள் நடத்தும் கார் பெயின்ட் பட்டறையில், மார்கழிக் குளிரில் அடித்த கிளியர் கோட் (நிறத்தின்மேல் பூசும் நிறமற்ற மேற்பூச்சு) பால்போல் வெளுத்துப்போனதோடு, அதன்மேல் தூசியும் படிந்தது. எக்ஸாஸ்ட் மின்விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர முறையான வழி இல்லாததால், கதவிடுக்குகளில் ஈரக்காற்று புழுதியோடு நுழைந்ததே காரணம். ஆகவே கூரையில் ஃபில்டர் பொருத்திய காற்றுவழி அமைத்து, தீப்பற்றும் அபாயம் கருதி ஹீட்டரை பூத்துக்கு (பெயின்ட் அடிக்கும் அறைக்கு) வெளியே வைத்து, சூடேற்றிய காற்றை அந்தக் கூரைவழியே செலுத்தினோம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் எக்ஸாஸ்டைத் தரையோரம் இறக்கினோம். இப்போது பெயின்ட் அடிக்கும்போது 22 டிகிரி செல்சியஸ் நிலைக்கிறது. உலர்த்தும்போது தகடு 60 டிகிரியை எட்டுகிறது. கதவிடுக்கில் கட்டிய நூலிழை வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தால், உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதல், அதுவே சரி. உட்பக்கம் சாய்ந்தால் கூரை ஃபில்டரை முதலில் பார்ப்போம். பெயின்ட் இறுகக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும். எவ்வளவு காற்றோட்டம் இருந்தாலும், காற்றுக்குழாய் இணைத்த முகமூடி இன்றி எவரையும் உள்ளே அனுப்புவதில்லை.